அன்றாடு நற்காசு: நாணயக் கண்காட்சித் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நாணயக் கண்காட்சித் தோழர்களே,

கல்யாண மண்டபத்தையோ பள்ளிக்கூட அரங்கையோ இரண்டு நாளைக்கு வாடகைக்குப் பிடித்து, மேசை போட்டு, கண்ணாடித் தட்டு அடுக்கி, கைக்காசைச் செலவழித்துக் கண்காட்சி நடத்துகிறவர்கள் நீங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஒரு பழங்காசை முதன்முதலாகப் பார்த்தது உங்கள் தட்டில்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சிக்கு என் அப்பத்தாவின் சுருக்குப்பையைக் கொடுத்திருந்தேன். 1968-இல் அவர் இறந்த அன்று இடுப்பில் செருகியிருந்த பை. உள்ளே 23 காசுகள். புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்பது, விக்டோரியா தலை போட்ட காலணா மூன்று, ஓட்டைக் காலணா நான்கு, ஓரம் பூவிதழ் போல வளைந்த ஓரணா இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி அரை ரூபாய் ஒன்று, செம்பு நிற நயா பைசா நான்கு. மறுநாள் போய்ப் பார்த்தேன். காசுகள் நான்கு தட்டுகளுக்குப் பிரிந்து போயிருந்தன. ‘தொண்டைமான் காலம்’, ‘விக்டோரியா காலம்’, ‘ஜார்ஜ் மன்னர்கள் காலம்’, ‘குடியரசுக் காலம்’. வெறும் பை மேசைக்கடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

அடுக்கிய தம்பி தப்பாக ஒன்றும் செய்யவில்லை. நம்மிடம் இருக்கும் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தபடி செய்தார். வால்டர் எலியட் 1886-இல் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதியதும், லோவெந்தால் பாதிரியார் 1888-இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதியதும் அந்த வழியில்தான்: இது எந்த அரசனுடையது, எந்த வம்சத்தினுடையது? அன்று வேறு வழியும் இல்லை. ஆற்று மணலிலும் கடைத்தெருவிலும் கிடைத்த காசுக்கு முகவரியே கிடையாது. முதலில் ‘அடித்தவர் யார்’ என்று கண்டாக வேண்டியிருந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை, முடிய வேண்டிய வேலையும்கூட. இரா. கிருஷ்ணமூர்த்தி ‘பெருவழுதி’ என்ற தமிழ் பிராமி எழுத்துள்ள செப்புக்காசைக் கண்டு வெளியிட்டபோதும், கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த வெள்ளிக்காசு கிடைத்தபோதும், சங்க கால மன்னர்கள் பாட்டிலிருந்து இறங்கி உள்ளங்கையில் வந்து நின்றார்கள். அடித்தவன் பெயரைத் தேடுவதன் அருமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டோம். எந்தக் கையில், எதுவரை ஓடியது என்று நம் தட்டுகள் கேட்பதில்லை. காசின் வரலாற்றைக் காலம் காலமாகப் பிரிக்கும்போது கத்தி வைக்க வேண்டிய இடம் அரசன் செத்த ஆண்டு அல்ல, காசு செத்த ஆண்டு என்பது என் துணிபு. இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் ஊர்க் கல்வெட்டுகளே சொல்லியிருக்கின்றன.

சோழர் காலத்து நிலவிலை ஆவணங்களில் ‘அன்றாடு நற்காசு’ என்று ஒரு சொல் வரும். அன்றைய தேதியில் வழக்கில் இருக்கிற, குறைசொல்ல முடியாத காசு. இன்ன அரசன் அடித்த காசு என்று எழுதாமல், இன்று ஓடுகிற நல்ல காசு என்று எழுதியிருக்கிறார்கள். வேறு இடங்களில் பழங்காசு, ஈழக்காசு, மாடை என்று தனித்தனியாகப் பெயர் சொல்வதும் உண்டு. அதாவது, ஊர்ச்சபைக் கணக்கனுக்குப் பல வகைக் காசு ஒரே நாளில் புழங்குவது தெரிந்திருக்கிறது. அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அவனிடம் ஓர் அளவுகோலும் இருந்திருக்கிறது. ஓடுகிறதா, ஓடவில்லையா? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கனின் கேள்வியை நம் தட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கொண்டுவந்தால் என்ன ஆகும்? எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1898-இல் கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. நீங்கள் வைக்கும் படங்களில் அது ‘ரோமானியர் காலம்’ என்ற தலைப்பின் கீழ் வரும். தமிழகத்தில் ரோமானியர் காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இனி இது காசாக ஓடாமல் பொன்னாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், நமக்கு வேண்டிய வரலாறு அந்த வெட்டில்தான் இருக்கிறது. அச்சடித்த கதை ரோமாபுரியுடையது. வெட்டிய கதை நம்முடையது. சென்னை மாம்பலத்தில் கிடைத்த புதையலில் முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளோடு அகஸ்டஸ் காசும் கலந்து இருந்தது. புதைத்தவருக்கு இரண்டும் ஒரே பானைச் செல்வம். அதை ‘மௌரியர்’ என்றும் ‘ரோமானியர்’ என்றும் இரண்டு தட்டாக்கும் நாம், அவர் கண்ணால் பார்க்க மறுக்கிறோம்.

சோழருக்கு வருவோம். 1014-இல் இராஜராஜன் மறைகிறான். அவன் காசின் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். இலங்கையில் சோழராட்சி முடிந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் தங்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே உருவத்தை அடித்தார்கள். யாழ்ப்பாண அரசர்களின் ‘சேது’ எழுத்துள்ள காசிலும் அந்த நிற்கும் ஆளின் சாயல் தொடர்கிறது. சோழரை எதிர்த்து நின்ற நாட்டில் சோழர் காசின் உருவம் வாழ்ந்திருக்கிறது. வம்சத் தட்டில் இதற்கு இடமே கிடையாது.

இனி வராகன். நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை, அதனால் சற்று நின்று சொல்கிறேன். 1336-இல் தொடங்கிய விஜயநகர அரசு வராகன் என்ற பொற்காசை நிலைநிறுத்தியது. எடை சுமார் 3.4 கிராம். பெயரில்தான் பன்றி, முகத்தில் பெரும்பாலும் சிவனும் உமையும், அல்லது திருமாலும் தேவியரும். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அந்தப் பேரரசு உடைந்தது. நம் தட்டும் அங்கே உடைகிறது. வராகன் உடையவில்லை. கெளதி நாயக்கர்கள் அதே எடையில், அதே சிவன் உமை உருவத்தோடு அடித்தார்கள். 1763-இல் அவர்களை வென்ற ஹைதர் அலியும் சிவனையும் உமையையும் எடுக்கவில்லை. மறுபக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் பாரசீகத்தில் போட்டதோடு நிறுத்திக்கொண்டார். சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனி அடித்த பொற்காசில் வேங்கடவனும் இரு தேவியரும் நின்றார்கள். பிறகு நட்சத்திர வராகன் வந்தது, அதிலும் திருமால்.

இவர்களுக்கெல்லாம் ஒரே பக்தியா? இல்லை, சராப்புகள் மேல் பயம். காசு மாற்றும் சராப்பு தனக்குப் பழக்கமான முகத்தையும் எடையையும் பார்த்தால் முழு மதிப்புக்கு எடுப்பான். புது முகம் வந்தால் உரசிப் பார்த்து வட்டம், அதாவது கழிவு, பிடிப்பான். அந்த வட்டம் அடித்தவர் தலையில்தான் விழும். அதனால் போரில் வென்றவர்களும் சந்தையில் பழைய முகத்துக்குப் பணிந்து போனார்கள். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்ற கம்பெனிக் கணக்கில் சென்னையில் ஆவணங்கள் எழுதப்பட்டன. 1818-இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே அடிப்படை என்று கம்பெனி முடிவெடுத்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்த அன்றுதான் அந்தக் காலம் முடிகிறது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு நீண்ட ‘வராகன் காலம்’ அது. அதை நாம் விஜயநகரம், நாயக்கர், மைசூர், கம்பெனி என்று நான்கு கூறு போட்டு, நான்கும் தனித்தனிக் கதை என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறோம்.

ஆர்க்காட்டு ரூபாய் இன்னும் கடினமானது. 1736-இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடம் அனுமதி வாங்கி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ரூபாய் அடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அந்த ஆண்டில்தான். காசில் இருந்தது தில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயர், எழுத்து பாரசீகம், ஊர்ப்பெயர் ஆர்க்காடு, அடித்த இடம் புதுச்சேரி, அடிப்பித்தவர் பிரெஞ்சுக் கம்பெனி, கடைசியில் போய்ச் சேர்ந்தது நெசவாளர் கைக்கு. இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? அதே புதுச்சேரியில் அடித்த செப்புக்காசில் ஒரு பக்கம் பிரான்சின் அல்லி மலர், மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்று ஊர்ப்பெயர். பெரிய வணிகத்துக்குப் பாதுஷா பெயரும், கீரைக் கடைக்குத் தமிழ் எழுத்துமாக ஓர் ஆட்சி இரண்டு காலத்தில் ஒருசேர வாழ்ந்திருக்கிறது. ஆங்கிலக் கம்பெனி சென்னையில் அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். அந்தப் பாதுஷா 1759-இல் கொல்லப்பட்டார். அவர் பெயரையும் அந்த ஒரே ஆண்டையும் போட்டு, இயந்திரம் வந்த பின்னும், 1835 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். காசில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே எடுத்துச் சீட்டில் எழுதுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்று உங்களில் பலரிடம் இருக்கிறது. 1808 என்று ஆண்டு போட்ட, மின்னும் பத்துக் காசும் இருபது காசும். பர்மிங்ஹாமில் போல்ட்டனின் ஆலையில் சென்னைக்கென்று அடித்து, ஆட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கியது. முக்குளிப்பவர்கள் பின்னாளில் எடுத்த அந்தக் காசுகள்தான் இன்று சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. அவற்றைக் கொண்டு ஒருவரும் ஒரு கட்டு வெற்றிலை வாங்கியதில்லை. பக்கத்துத் தட்டில் உருத் தெரியாமல் தேய்ந்து கிடக்கும் காசைவிட அது அழகுதான். ஆனால் சென்னையின் காசு வரலாற்றில் தேய்ந்த காசுக்கு இருக்கும் இடம் அதற்கு இல்லை. தேய்மானம் என்பது காசின் தரத்தைக் குறைக்கிற குறை மட்டுமல்ல, அது எத்தனை கை மாறியது என்பதற்கான பதிவும்கூட.

1835-இல் வில்லியம் மன்னர் தலையோடு கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. இது எல்லோரும் அறிந்த எல்லைக்கல், உங்கள் தட்டும் அங்கே சரியாகப் பிரிகிறது. ஆனால் எந்தக் கண்காட்சியிலும் நான் பார்க்காத எல்லைக்கல் ஒன்று உண்டு: 1893 ஜூன் 26. அதுவரை எவரும் வெள்ளிக்கட்டியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சிறு கூலி போக ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். அதனால் ரூபாயும் அதிலுள்ள வெள்ளியும் ஒரே விலையில் நின்றன. ஜெர்மனி போன்ற நாடுகள் தங்கத்துக்கு மாறியதும், அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி குவிந்ததும் சேர்ந்து வெள்ளி விலையை ஆண்டுக்கு ஆண்டு இறக்கின. ரூபாயும் கூடவே இறங்கியது. லண்டனுக்குத் தங்கத்தில் பணம் கட்ட வேண்டிய அரசாங்கம் தாங்க முடியாமல் அந்த நாளில் நாணயச்சாலைக் கதவை வெள்ளிக்கு அடைத்தது. பிறகு பவுனுக்கு 15 ரூபாய் என்று விலையை நிறுத்தியது.

1892 ரூபாயையும் 1893-க்குப் பிந்திய ரூபாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே விக்டோரியா, அதே 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு அதே வெள்ளி. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் முன்னது வெள்ளி, பின்னது அரசாங்கத்தின் வாக்கு. முத்திரைக் காசு தொடங்கி ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக, நல்ல காசு என்றால் உருக்கினாலும் அதே மதிப்பு என்றிருந்த வழக்கம் அந்த நாளில் அறுந்தது. 1940-இல் ரூபாயில் வெள்ளி பாதியானதும், 1947-இல் முழுக்க நிக்கலானதும், இன்று நம் பையில் துருப்பிடிக்காத எஃகு கிடப்பதும் அந்த ஒரு நாளின் தொடர்ச்சிதான். நாணய வரலாற்றை இரண்டே காலமாகப் பிரிக்கச் சொன்னால் நான் கோடு போடும் இடம் அதுதான். அந்த நாளில் அரசி மாறவில்லை, கொடி மாறவில்லை. ஆகவே நம் தட்டுகளில் அப்படி ஒரு நாளே இல்லை.

காலம் எல்லா ஊரிலும் ஒரே நாளில் மாறுவதும் இல்லை. 1945-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிரிட்டிஷ் காலம்’ என்று சீட்டு எழுதிவிடுகிறோம். நாகர்கோவில் சந்தையில் அன்று சக்கரம் என்று எண்ணினார்கள், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சென்னையில் அணா. புதுக்கோட்டையில் அம்மன் காசு. முன்புறம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்க, பின்புறம் தெலுங்கில் ‘விஜய’ என்று எழுதிய சின்னச் செப்புக்காசு அது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுப்பார்கள். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் வரை அது எங்கள் ஊரின் அன்றாடு நற்காசு. ஆறாம் ஜார்ஜின் தலையும் அம்மனின் திருவுருவமும் ஒரே கல்லாப்பெட்டியில் உரசிக்கொண்டு கிடந்தன. அப்பத்தாவின் பையில் அவை சேர்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

1957 ஏப்ரல் 1-இல் அணாக் கணக்கு போய் நூறு நயா பைசாக் கணக்கு வந்தது. 1964-இல் ‘நயா’ உதிர்ந்தது. ஆனால் கடைத்தெருவில் 25 காசு நாலணாவாகவும் 50 காசு எட்டணாவாகவும் இருந்தன. 2011 ஜூன் 30-இல் 25 காசு சட்டப்படி செல்லாமல் போனபோது ‘நாலணா செல்லாதாம்’ என்றுதான் எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அடிப்பதை நிறுத்தி அரை நூற்றாண்டு ஆன அணா, நாக்கில் அதுவரை ஓடியது. மறுபுறம், எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும், எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். பத்து ரூபாய்க் காசைத் தமிழ்நாட்டுக் கடைகளும் பேருந்துகளும் வாங்க மறுத்த ஆண்டுகள் நினைவிருக்கும். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்ட பிறகும் நடத்துநரோடு வாக்குவாதம் ஓயவில்லை. செல்லும், ஆனால் ஓடாது. சோழர் காலத்துக் கணக்கன் ஏன் ‘அன்றாடு’ என்றும் ‘நல்’ என்றும் இரண்டு சொல் போட்டான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: அடித்தவன் பெயர் காசிலேயே இருக்கிறது, ஓடி ஓய்ந்த நாளை எங்கே போய்த் தேடுவது? நியாயமான கேள்வி. எல்லாக் காசுக்கும் கிடைக்காது. ஆனால் எங்கெங்கே தேடலாம் என்பது தெரியும். ஒரே பானையில் எவை எவை சேர்ந்து கிடந்தன என்ற புதையல் பட்டியல், கல்வெட்டில் வரும் காசுப் பெயர், பழைய அடமானப் பத்திரம், செட்டிநாட்டு வீட்டுக் கணக்கேடு, ஆனந்தரங்கப் பிள்ளை போன்றவர்களின் நாட்குறிப்பு. எல்லாவற்றையும்விட அவசரமானது, எண்பது தொண்ணூறு வயதில் இருக்கும் பெரியவர்களின் வாய். ஓட்டைக் காலணா போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943-இல் வந்தது என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எதுவரை செலவு செய்தார்கள், எந்த ஆண்டு முதல் கடைக்காரர் வேண்டாமென்றார் என்பது அவர்களிடம்தான் இருக்கிறது. கண்காட்சிக்கு வரும் பெரியவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, காசைக் கையில் கொடுத்து, ‘இதுக்கு என்னய்யா கிடைச்சுது?’ என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலை கொடுத்து வாங்க முடியாத சேகரிப்பு அது. இன்னும் சில ஆண்டுகளில் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

புதைந்த காசைக் கொண்டுவருகிறவரிடமும் இதையே செய்யுங்கள். பெரிய காசை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தராதீர்கள். எங்கே கிடைத்தது, எதோடு கிடைத்தது என்று எழுதி வாங்குங்கள், முறைப்படி அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். புதையலைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்ற அன்றே அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற சாட்சியம் அழிந்துவிடுகிறது. பிறகு நம்மிடம் மிஞ்சுவது அரசன் பெயர் மட்டும்.

வம்சத் தட்டுகளைக் கலைத்துவிடச் சொல்லவில்லை. புதிதாக வரும் பிள்ளைக்கு அது கைப்பிடி. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு ஆண்டு எழுதுங்கள், அடித்த ஆண்டு ஒன்று, ஓய்ந்த ஆண்டு ஒன்று. தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், வெறுமையைப் பார்த்து எவராவது தேடுவார். ஒரே ஒரு மேசையையாவது வம்சம் பாராமல் வையுங்கள். ‘1750, ஒரு புதுச்சேரி நெசவாளரின் கையில்’, ‘1945, ஒரு புதுக்கோட்டைக் கடையின் கல்லாவில்’ என்று ஒரு நாளை எடுத்து, அந்த நாளில் அங்கே ஓடிய எல்லாக் காசையும் ஒரே தட்டில் பரப்புங்கள்.

வரும் கண்காட்சிக்கும் அந்தச் சுருக்குப்பையைக் கொண்டுவருகிறேன். சீட்டையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்: ‘சுருக்குப்பை. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 23 காசுகள். மிகப் பழையது 1887 காலணா, மிகப் புதியது 1961 நயா பைசா. அம்மன் காசில் இரண்டு உரு மறையத் தேய்ந்தவை. 1968 வரை ஒருவர் இடுப்பில் இருந்தது.’ ஒரு தட்டு ஒதுக்கினால் போதும். பையையும் காசுகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
புதுக்கோட்டை